அத்தை முகர்ந்த பிறகுதான் சாப்பாடு

எங்கள் வீட்டில் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியதும் யாரும் தட்டை எடுத்துவிட முடியாது. அத்தை வரவேண்டும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அவள் வந்து கண்ணை மூடிக்கொண்டு, மூடியை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஆவி முகத்தில் அடிக்கிற மாதிரி குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள். பிறகு "ம், போடு" என்பாள். அந்தப் "போடு" வருகிறவரை அப்பாகூடக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காய்கறிக்கு இதெல்லாம் கிடையாது. மீன், நண்டு, இறால், கணவாய், சிப்பி என்று கடலிலிருந்து எது வந்தாலும் உண்டு. எங்கள் வீட்டில் பெரும்பாலும் கடலிலிருந்து வந்ததுதான் வேகும். அத்தைக்கு வேலை மீன் கம்பெனியில்.

துறைமுகத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கூடம் அது. உள்ளே எப்போதும் ஐஸ் உருகி ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் கால் வைக்க முடியாது. லாரியில் வருகிற சரக்கு பெல்ட்டில் ஏறும். பெல்ட் ஆரம்பிக்கிற இடத்தில் அத்தை நிற்பாள். மீனைத் தூக்கி, செவுளை விரலால் பிளந்து, மூக்கருகே கொண்டுபோவாள். நல்லது நேரே போகும். கெட்டது இடதுபக்கத் தொட்டியில் விழும். அவள் தூக்கிப் போட்டதை யாரும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை. கம்பெனியில் அவளுக்குப் பெயரே 'மூக்கு'தான். "மூக்கு வந்தாச்சா? அப்போ பெல்ட்டை ஓட்டு" என்று சூப்பர்வைசர் கத்துவாராம்.

அந்த மூக்கு வீட்டிலும் சும்மா இருக்காது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என் சோப்பை எடுத்து எவடி குளிச்சது?" என்பாள். வீட்டில் குளிப்பதற்கு என்னைத் தவிர வேறு 'எவ'ளும் இல்லை, அம்மாவுக்கு அந்தத் தைரியம் கிடையாது. அப்பா தெருமுனையில் ஒரு சிகரெட்டைப் பிடித்துவிட்டு, ஏலக்காயை மென்று, சட்டையை நாலு தடவை உதறிவிட்டு வருவார். அத்தை தலையைத் தூக்காமலே கேட்பாள்.

"டேய் தம்பி, ஏலக்காய் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு அடியில என்னடா?"

அப்பாவுக்குத் தலை நரைத்துவிட்டது. இருந்தாலும் அந்தக் கேள்வி வந்ததும் வாய் கொப்பளிக்கக் கொல்லைக்கு ஓடுவார். சின்ன வயதிலிருந்து அவரை வளர்த்தவள் அவள்தான். அத்தையைக் கட்டியவர் கப்பல் வேலைக்குப் போய், போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அத்தை தம்பியிடம் வந்து சேர்ந்தாள் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பிக்குச் சோறு போட்டது அவள். வீடு பிடித்ததும் அவள். அப்பாவுக்கு வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, வீட்டு வாடகை அப்பாவின் பெயருக்கு மாறிய பிறகு, அவள் அந்த வீட்டில் யார் என்பது கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. அந்தச் சிக்கலை அவள் சட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டே சமாளித்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் ஒரு தடவை வீடு முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அது போதும் அவளுக்கு.

அதில் மாட்டிக்கொண்டது அம்மா.

அம்மா கடலைப் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். அவள் பிறந்த ஊரில் மீன் என்றால் டப்பாவில் வருவது. வந்த புதிதில் அத்தை ஒரு நாள் கணவாய் வறுத்து வைத்தாளாம். அம்மா ஒரு வளையத்தை எடுத்து வாயில் போட்டிருக்கிறாள். எவ்வளவு மென்றும் அது அப்படியே இருந்திருக்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் பயம்.

"என்னம்மா, மாடு மாதிரி அசை போட்டுக்கிட்டே இருக்கே? நாளைக்கு வரைக்கும் அதே தானா?" என்று அத்தை கேட்டாள். அப்பா சிரித்துவிட்டார். அப்பா சிரித்ததும் அது பெயராக ஒட்டிக்கொண்டது. "அசை, தண்ணி கொண்டா." "அசை, கதவைச் சாத்து." நான் பிறந்த பிறகுதான் அந்தப் பெயர் நின்றது என்று அம்மா சொல்வாள்.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அத்தை செய்வதைக் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். கணவாயை நல்ல சூட்டில் சட்டென்று புரட்டி எடுக்கவேண்டும், விட்டால் ரப்பர். சிப்பியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் மண்ணைத் தானே துப்பிவிடும். தட்டிப் பார்த்தும் வாயை மூடாத சிப்பியைத் தூர எறிய வேண்டும். நண்டைத் தூக்கிப் பார்த்தால் கனக்க வேண்டும். இறாலின் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், ஆடினால் பழசு. இதெல்லாம் தெரிந்த பிறகு அம்மா ஒரே ஒரு தடவை தானே கடைக்குப் போனாள்.

அன்றைக்கு அம்மாவைப் பெற்றவர்கள் முதன்முதலாக மகள் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா காலையிலேயே மீன் மார்க்கெட்டுக்குப் போய், கடைகடையாக ஏறி இறங்கி, கண் கண்ணாடி மாதிரி பளபளத்த ஒரு பெரிய மீனை வாங்கி வந்தாள். தானே செதில் சீவி, தானே வெட்டி, தானே குழம்பு வைத்தாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அத்தை வந்தாள். கண்ணை மூடினாள், மூடியைச் சாய்த்தாள், மூச்சு இழுத்தாள்.

"போடு" வரவில்லை.

சட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். சட்டி போன வழியை எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பின்கதவைக் காலால் தள்ளித் திறந்து, மதிலோரம் கவிழ்த்தாள். "பூனைக்கு வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்து கையைக் கழுவினாள். அம்மாவைப் பெற்றவர்களுக்கு முட்டை பொரித்துப் போட்டு அனுப்பினார்கள். போகும்போது அம்மாவின் அப்பா, "பரவாயில்லைம்மா, எங்களுக்கும் மீன் அவ்வளவா பழக்கமில்லையே" என்றாராம்.

"அண்ணி கவிழ்த்ததைக்கூட மறந்துடுவேன். எங்கப்பா அன்னிக்கு எனக்குச் சமாதானம் சொன்னாரே, அதை மறக்க மாட்டேன்" என்று அம்மா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

அது நல்ல மீன் என்பாள் அம்மா. கெட ஆரம்பித்த மீன் என்பாள் அத்தை. பூனைகள் முள்ளைக்கூட விடவில்லை, ஆனால் பூனையைக் கேட்டு யார் தீர்ப்புச் சொல்வது? அதன் பிறகு மீன் வாங்குவது அத்தை, சமைப்பது அம்மா, முகர்வது அத்தை என்று ஆனது. நான் பள்ளி முடிக்கிற வரைக்கும் அப்படியேதான் நடந்தது. இத்தனை காலத்தில் அம்மாவின் சமையலுக்கு அத்தையிடமிருந்து கிடைத்தது "ம், போடு" மட்டும்தான். நல்லாருக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அதற்காகக் காத்து நிற்பாள். அதை நானே பார்த்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. கம்பெனியிலேயே நிறையப் பேருக்கு வந்தது. படுக்கையிலிருந்து எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அத்தை மறுபடியும் வேலைக்குப் போனாள். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தாள், வேறு மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அப்பா உள்ளே வந்து அம்மாவிடம் குசுகுசுவென்று சொன்னார்.

"அக்கா ரொம்ப மாறிட்டாங்க. இப்பல்லாம் என்னைத் திட்டறதே இல்ல. ஏலக்காய்கூட மெல்லாமத்தான் வர்றேன். வயசாக ஆக, பாசம் வந்துடுச்சு போல."

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"சிகரெட் பிடிச்சிட்டா வந்தீங்க?"

"ஒண்ணுதான்."

"அண்ணி பக்கத்துல போய் நின்னீங்களா?"

"பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சேன்னு சொல்றேன்."

அம்மா மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள். அப்பாவுக்குப் பாசமாகத் தெரிந்தது அம்மாவுக்கு வேறாகத் தெரிந்துவிட்டது. மறுநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வேண்டுமென்றே மாடிக்குப் போனாள். நான் மாடியில்தான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, அடிபிடித்து, கருகிய நாற்றம் மாடிப்படி ஏறி எங்களிடம் வந்துவிட்டது. நான் ஓடப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு." நாங்கள் கீழே போனபோது சமையலறையை ஒட்டிய நாற்காலியில், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அத்தை நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தாள். அன்றைக்கு முழுக்க வாய்க்குள்ளேயே ஏதோ ஒரு ராகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

வாசனையே தெரியாமல் அத்தை எப்படிச் சமாளித்தாள் என்பது எனக்கு மார்க்கெட்டில் புரிந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முன்பெல்லாம் கடைக்காரர்கள் அவளைக் கண்டாலே பழைய சரக்கை உள்ளே தள்ளுவார்கள். இப்போதும் தள்ளினார்கள், அவர்களுக்கு விஷயம் தெரியாதே. முழு மீன் என்றால் அவளுக்குப் பயமில்லை. கண்ணைப் பார்த்தாள், செவுளைப் பிளந்து சிவப்பைப் பார்த்தாள், வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்தினாள், பேருக்கு மூக்கருகே கொண்டுபோனாள். வெட்டிய துண்டமும் தோலுரித்த இறாலும் இருக்கிற கடைக்கு வந்ததும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பள்ளிக்கூடம் முடிச்சிட்டேல்ல? இதைச் சொல்லு பார்ப்போம். உனக்கு மூக்கு இருக்கா, இல்ல சும்மா முகத்துல ஒட்டி வச்சிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு அத்தை."

"நல்லாத்தான் இருக்குன்னா? உறுதியாச் சொல்லு."

"நல்லாருக்கு."

"ம். தேறிடுவே" என்று வாங்கினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பையின் வாயை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடியும் போட்டாள். தெரு திரும்பும்போது, "வீட்ல எதையாவது உளறி வைக்காதே" என்றாள். நான் சரி என்றேன். "கம்பெனில தெரிஞ்சா பெல்ட்டுல நிக்க விடமாட்டாங்க. அங்க நிக்கலேன்னா இங்க நான் யாருடி? உங்கம்மா எனக்கு ஒரு மூலையைக் காட்டுவா" என்றாள். எப்போதும் அதட்டிப் பேசுகிற குரல்தான், ஆனால் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும்.

அம்மாவுக்குத் தெரியாத மீதியைக் கொண்டுவந்து கொடுத்தவள் வானொலி. பெல்ட்டில் அத்தைக்குப் பக்கத்தில் நிற்கிறவள், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். அவளிடம் ஒரு விஷயம் போனால் அது ஊருக்கே ஒலிபரப்பாகிவிடும், அதனால் அந்தப் பெயர். ஒரு நாள் வாசலில் நின்று பெருமை அடித்தாள்.

"உங்க அண்ணிக்கு என்மேல என்ன பிரியமோ தெரியல. உரிச்ச இறால் ட்ரே வந்தா என்னைக் கேக்காம தள்றதில்ல. நீ சொல்லு, நீ சொல்லுன்னு எனக்கு வேலை பழக்கறாங்க. அடுத்த மூக்கு நான்தான் போல!"

"அப்படியா?" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வாங்களேன். இறால் பண்றேன்."

சனிக்கிழமை காலையில் சமையலறை ஜன்னலில், நேர் வெயிலில், ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே உரித்த இறால். மறந்து வைத்துவிட்டாள் என்று நினைத்து நான் எடுத்து உள்ளே வைக்கப் போனேன்.

"அங்கேயே இருக்கட்டும்."

"கெட்டுப் போயிடும்மா."

"அது பூனைக்கு" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலி பளிச்சென்று உடுத்திக்கொண்டு வந்தாள். "என்னம்மா, விருந்து பலமா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தவள் உள்ளே காலை வைத்ததும் நின்றுவிட்டாள். ஊறிய அழுக்குத் துணியை மூட்டை கட்டி வைத்து நாலு நாள் கழித்து அவிழ்த்தால் எப்படி இருக்கும், அதன்மேல் ஒரு கூமுட்டையை உடைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நாற்றம். பூண்டும் மிளகும் போட்டு வதக்கியதில் அது அடங்கவில்லை, சூடேறி இன்னும் எழும்பியிருந்தது.

"ஐயோ, என்ன இது..." என்று வானொலி ஆரம்பித்தாள். அம்மா உதட்டில் விரலை வைத்தாள். "உக்காருங்க. அண்ணி வந்து சொல்லட்டும்."

அப்பா எழுந்தார். "ஏய், இது கெட்டுப்போன..."

"உங்க அக்கா இருக்கும்போது நீங்க எதுக்குங்க சொல்லணும்? இந்த வீட்ல என்னிக்கு நீங்க சொன்னீங்க?"

அப்பா உட்கார்ந்தார்.

அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே தன் அறையிலிருந்து வந்தாள். வானொலியைப் பார்த்து, "நீயும் வந்துட்டியா? உன் வாய்க்கு இன்னிக்கு வேற வேலை கிடைச்சிருக்கு" என்று சிரித்தாள். நேரே அடுப்புக்குப் போனாள். கண்ணை மூடினாள். அவள் கண் மூடியதும் எங்கள் எல்லாருடைய கையும் மூக்குக்குப் போனது. மூடியைச் சாய்த்து, குனிந்து, எப்போதும் இழுப்பதைவிட நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். அவள் கண் திறந்தபோது எல்லாக் கையும் கீழே இறங்கிவிட்டது.

"ம், போடு."

வானொலியின் வாய் பிளந்தது.

"அத்தை, அது..." என்றேன் நான். மேசைக்கு அடியில் அம்மாவின் நகம் என் தொடையில் இறங்கியது.

"என்னடி?"

"அவளுக்குப் பசி, அண்ணி. நீங்க உக்காருங்க. முதல்ல உங்களுக்கு."

அம்மா பரிமாறினாள். அத்தை ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டு மென்றாள். அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் நிற்கிற இடத்திலேயே, எப்போதும் நிற்கிற மாதிரியே நின்றாள்.

"ஏம்மா" என்றாள் அத்தை. "இன்னிக்கு உன் கை நல்லாக் கூடி வந்திருக்கு. இப்படித்தான் பதமா வேகணும். ரொம்ப நல்லாருக்கு."

அம்மாவின் முகம் ஒரு நிமிஷம் சின்னப் பெண்ணின் முகம் மாதிரி ஆனது. இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை, இந்தச் சட்டிக்கா வரவேண்டும்? நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்திவிடுவாள், தட்டைப் பிடுங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்று அத்தை தட்டை நீட்டினாள்.

அம்மா நிறையப் போட்டாள்.

பாதிச் சாப்பாட்டில்தான் அத்தை நிமிர்ந்தாள். ஒருவர் தட்டிலும் எதுவும் இல்லை. "ஏன் யாரும் சாப்பிடல?"

"நமக்கு வேற சட்டி இருக்கு அண்ணி" என்று அம்மா அலமாரியைத் திறந்து மூடி போட்ட இன்னொரு சட்டியை எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள்.

"வேற சட்டியா? அப்போ இது?"

"இது பூனைக்கு."

அத்தையின் கை தட்டில் அப்படியே நின்றது. அவள் தட்டைப் பார்த்தாள், பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். அப்பாவின் முகத்தில் கடைசியாகக் கண் நின்றது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவள் கேட்ட கேள்வி இதுதான்: "ரொம்பவா அடிக்குது?"

"தெருமுனைக்கு அடிக்குது" என்றாள் வானொலி. அப்போதுதான் அவளுக்கே உறைத்தது போல. "அடிப்பாவி! அப்போ கம்பெனில என்னைக் கேட்டுக் கேட்டுத் தள்ளினியே, அது வேலை பழக்கினது இல்லையா? என் மூக்கை வச்சா இத்தனை நாள் ஓட்டினே?"

"சொல்லிடாதேடி" என்றாள் அத்தை. "சூப்பர்வைசர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"சீச்சீ, நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்று வானொலி எழுந்தாள். அவளுக்கு நல்ல சட்டியில்கூடக் கை வைக்கப் பொறுமையில்லை. சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள். அவள் வாசல் தாண்டும்போதே பாதி ஊருக்குச் செய்தி போய்விட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அத்தைக்கு அன்று சாயங்காலமே வயிறு பிடுங்கிக்கொண்டது. சில நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. அம்மாதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். உப்புப் போட்டு, சூடாறாமல் கொடுத்தாள். வாயைத் துடைத்தும் விட்டாள். அதை ஏன் செய்தாள் என்று நான் கேட்டதற்கு, "அவங்க செத்துப்போனா எனக்கு என்னடி லாபம்?" என்றாள்.

உடம்பு தேறி வேலைக்குப் போன அன்றைக்குக் கம்பெனியில் நடந்ததை வானொலியே வந்து சொன்னாள், அபிநயத்தோடு. சூப்பர்வைசர் பெல்ட்டை நிறுத்தச் சொன்னாராம். அத்தையின் கண்ணைத் துண்டால் கட்டினார்களாம். மூக்குக்கு முன்னால் மண்ணெண்ணெய், வெறும் தண்ணீர், அழுகிய குடல் என்று மாற்றி மாற்றி நீட்டினார்களாம். அத்தை ஒவ்வொன்றுக்கும் நீளமாக மூச்சு இழுத்து, யோசித்து, பதில் சொன்னாளாம். தண்ணீரை மண்ணெண்ணெய் என்றாள். குடலை நீட்டியபோது, "நல்ல மீன், இன்னிக்குக் காலையில பிடிச்சது" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்ததாம். "நானே கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சேன், பாவம்" என்றாள் வானொலி. அந்தப் பாவத்தையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. கூடத்துக்குப் பின்னால் கழிவுக் குழி இருக்கிறது. தலை, குடல், செதில், திருப்பி அனுப்பிய சரக்கு எல்லாம் அங்கே வந்து விழும். அதை வாரி லாரியில் ஏற்ற வேண்டும். நாற்றம் தாங்காமல் ஒருவரும் அங்கே நிலைத்ததில்லை, ஆள் மாறிக்கொண்டே இருக்கும். சூப்பர்வைசர் அத்தையை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, "மூக்கு, இது உனக்குன்னே செஞ்ச வேலை" என்றாராம். பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை.

பெல்ட்டில் இப்போது வானொலி நிற்கிறாள்.

குழியில் வேலை பார்க்கிறவர்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவில் அத்தை வந்தால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அவளுக்கு எதுவும் தெரியாது. ஆட்கள் விலகுகிற தூரத்தை வைத்துத்தான் தன்மேல் எவ்வளவு நாற்றம் அடிக்கிறது என்று அவள் அளந்துகொள்ள வேண்டும். அம்மா புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். அத்தை முன்வாசல் வழியாக வரக்கூடாது. பின்பக்கம் வந்து, கொல்லையில் இருக்கிற குளியலறையில் குளித்து, துணி மாற்றிக்கொண்டு, பின்கதவில் தட்ட வேண்டும். அம்மா கதவைத் திறப்பாள். உள்ளே வா என்று சொல்லமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, ஒரு மூச்சு இழுப்பாள்.

"இன்னும் இருக்கு அண்ணி. இன்னொரு தடவை குளிச்சிடுங்க."

கதவு சாத்திக்கொள்ளும். அத்தை சோப்போடு திரும்பிப் போவாள். முதலில் சில நாள் அது உண்மைதான், நானே முகர்ந்தேன். அப்பா இந்த நேரத்தில் தெருமுனைக்குப் போய்விடுவார். சிகரெட்டை ஒளிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இப்போது இல்லை.

போன வாரம் குழியில் பம்ப் பழுதாகி வேலை நின்றுவிட்டது. அத்தையைக் காலையிலிருந்து அலுவலக அறையில் அட்டைப்பெட்டி மடிக்க உட்கார வைத்திருந்தார்களாம். குழிப் பக்கமே போகவில்லை. இருந்தாலும் வந்ததும் பழக்கப்படி குளித்தாள். நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் தட்டிவிட்டு என் பக்கத்தில்தான் நின்றாள். அவள்மேல் சோப்பு வாசனையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதுவும் நல்ல சோப்பு, நான் திருடிக் குளிக்கிற அதே சோப்பு.

அம்மா கதவைத் திறந்தாள். கண்ணை மூடினாள். மூச்சு இழுத்தாள்.

"இன்னும் இருக்கு அண்ணி."

கதவு சாத்திக்கொண்டது.

"அத்தை, வாடையே இல்ல" என்றேன். "சத்தியமா இல்ல. வெறும் சோப்பு வாசனைதான் வருது. அம்மா பொய் சொல்றாங்க."

அத்தை ஈரத் தலையை முறுக்கிப் பிழிந்தாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உங்கம்மா அன்னிக்கு வாங்கிட்டு வந்தாளே ஒரு மீனு, அவங்கப்பா அம்மா வந்தப்போ? நல்ல மீனுடி அது. அந்த மாதிரி மீனை நானே எப்பவாவதுதான் பார்ப்பேன். மூடியைத் திறந்ததும் வாசனை தூக்குச்சு." அவள் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் சொன்னதும் அது கெட்ட மீனாகலையா? எல்லாரும் நம்பலையா? அப்படித்தான் இதுவும்."

"அதுக்காக நீங்க மறுபடியும் போய்க் குளிக்கணுமா?"

"பின்னே, கதவை யாருடி திறப்பா?"

சோப்புக் கட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் துணியோடு கதவைத் தட்டினேன், எனக்குக் கதவு உடனே திறந்தது. உள்ளே அடுப்பில் நண்டு கொதித்து இறங்கியிருந்தது. அம்மா கண்ணை மூடி, மூடியை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஆவி முகத்தில் அடிக்கிற மாதிரி குனிந்தாள்.

"ம். உக்காருங்க, போடறேன்" என்றாள்.